செம்பனைக்குக் கீழே கடாரம் தெரியுமா?

வாசகர் கேள்வி, நம் பதில்

பழங்காலத்தில் கடாரம் என்று அழைக்கப்பட்ட கெடா மாநிலத்தில், யான் வட்டாரத்துப் புக்கிட் சோராஸ் குன்றின் மேல் 2023இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டியெடுத்த பௌத்தக் கோயிலையும், தியானத்தில் அமர்ந்த சுதைச் சிற்பங்களையும் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன: டிரோனை மேலே அனுப்பினால் கீழே புதைந்திருப்பது தெரிந்துவிடுமா? நான் பீடோங்கில் இருப்பவன். செம்பனைத் தோட்டங்களை மேலிருந்து படமெடுத்து, எந்த வயலுக்கு எவ்வளவு உரம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஜெராய் மலையின் நிழலில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

என் மாணவர்கள், ‘டிரோன் மண்ணைத் துளைத்துப் பார்க்குமா டீச்சர்?’ என்று கேட்கிறார்கள். எளிமையாக எப்படிச் சொல்வது?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை பட்டாணி

துளைத்துப் பார்க்காது என்று முதலில் சொல்லிவிடுங்கள். டிரோனில் இருப்பது கேமரா. அது மண்ணின் மேல் நிற்கும் இலையைப் படமெடுக்கிறது. மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை இலை காட்டிக்கொடுக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அகழி வெட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலப்போக்கில் அது வண்டலால் நிரம்பித் தரைமட்டமாகிவிடும். ஆனால் அந்த இடத்தில் மண் ஆழமாகவும் இளகியும் இருக்கும், ஈரம் தங்கும். மேலே பயிர் வைத்தால் அந்தக் கோட்டில் மட்டும் உயரமாகவும் கரும்பச்சையாகவும் வளரும். அகழிக்குப் பதில் கருங்கல் சுவரின் அடித்தளம் இருந்தால் நேர்மாறு. வேர் இறங்க இடமில்லை, ஈரமில்லை. வறட்சி வந்ததும் அந்தக் கோட்டில்தான் புல் முதலில் வெளுக்கும். தரையில் நிற்கிறவருக்கு அங்கங்கே நாலு வெளுத்த புல்லாகத் தெரிவது, மேலிருந்து பார்த்தால் ஒரு வீட்டின் அறை அறையான அடித்தளமாகத் தெரியும்.

இது டிரோன் வந்த பிறகு தோன்றிய வித்தையும் இல்லை. இங்கிலாந்தில் மரத்தூண்களால் ஆன வட்ட அமைப்பு ஒன்றின் தடயத்தை விமானப்படை அதிகாரி இன்சால் 1925இலேயே மேலிருந்து கண்டார்; மறு ஆண்டு கோதுமைப் பயிரில் தெரிந்த அடையாளம் அதை உறுதி செய்தது. ‘வுட்ஹெஞ்ச்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 2018 கோடையில் ஐரோப்பாவில் கடும் வறட்சி. அயர்லாந்தின் பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், நியூகிரேஞ்ச் கல்லறை மேட்டுக்குப் பக்கத்து வயலில், ஆண்டனி மர்பி, கென் வில்லியம்ஸ் என்ற இருவர் டிரோனைப் பறக்க விட்டார்கள். யாரும் அறியாத ஒரு பெரிய வட்டம் பயிரில் அச்சடித்தாற்போல் தெரிந்தது. இருவரும் பேராசிரியர்கள் அல்லர். பழமையின் மேல் பற்றுக்கொண்டவர்கள்.

உங்கள் மாணவர்களுக்குப் பிடிக்கக்கூடிய கதை, இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுடையது. 2013இல் அங்கே புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிய ரப்பர் குழாய் வட்டத்தின் ஒரு பகுதிக்கு எட்டவில்லை. தண்ணீர் படாத அந்தப் பக்கத்தில், காணாமல் போன கற்கள் ஒருகாலத்தில் நின்ற இடங்களில் புல் வெளுத்து அடையாளம் காட்டியது. அங்கே வேலை பார்த்த ஊழியர் அதைக் கவனித்தார். வட்டம் முழுமையாக இருந்திருக்குமா என்று நெடுநாள் நடந்த விவாதத்துக்கு அதனால் ஒரு சான்று கிடைத்தது.

வகுப்பிலேயே செய்து காட்டலாம். அகலமான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மண் பரப்பி, நடுவில் ஓர் ஓட்டுத் துண்டைப் புதைத்து, மேலே பச்சைப்பயறு நெருக்கமாக விதையுங்கள். முளைத்து இரண்டு இலை விட்டதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். ஓட்டுக்கு மேலே நிற்கும் பயறு முதலில் வாடும். நாற்காலி மேல் ஏறி நின்று கைப்பேசியில் தினமும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்தில் உரத்துக்காக எடுக்கும், பயிரின் பசுமையைக் காட்டும் என்.டி.வி.ஐ. வரைபடத்தில் சில இடங்கள் சிவப்பாகத் தெரிகின்றன. அவற்றின் கீழே, நம் கெடாவின் தொல்லியல் இடமான பூஜாங் பள்ளத்தாக்கில் கண்டது போன்ற சண்டி, அதாவது பழங்கோயில், இருக்க வாய்ப்பு உண்டா?
— செம்பனைத் தோட்ட மேற்பார்வையாளர், பீடோங்

ஐயா, உங்களுக்கு ஆசை இருப்பது போலவே எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்தச் சிவப்புக்கு முதல் காரணமாக நான் சந்தேகப்படுவது கானோடெர்மா காளானை. அடித்தண்டை அழுகச் செய்து மரத்தைச் சாய்ப்பது அது. அடுத்தது மெக்னீசியக் குறை. கீழ் மட்டைகள் வெயில் படும் பக்கத்தில் ஆரஞ்சு நிறமாவதை நீங்கள் பார்க்காத நாள் இருக்காது. அதற்கடுத்தது தண்ணீர் தேங்கும் பள்ளம். இவை எல்லாவற்றையும் தள்ளிய பிறகுதான் சண்டியை நினைக்க வேண்டும்.

அந்த என்.டி.வி.ஐ. கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அதன் எல்லையும் புரியும். இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலையின் உட்திசு திருப்பி அனுப்புகிறது. வாடும் இலையில் இரண்டும் மாறும்: சிவப்பு கூடுதலாகத் திரும்பும், அகச்சிவப்பு குறையும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் என்.டி.வி.ஐ. கண்ணுக்கு எல்லா மரமும் பச்சையாகத் தெரியும்போதே, எது வாடத் தொடங்கிவிட்டது என்பதை இது சொல்லிவிடும். ஆனால் முற்றிய செம்பனையில் மட்டைகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரையாகிவிட்டால் இந்த எண் உச்சத்தில் போய் முட்டிக்கொள்ளும். சிறு வேறுபாடுகள் அதற்குமேல் பதிவாகா. சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே உள்ள ‘சிவப்பு விளிம்பு’ அலைவரிசையில் எடுத்தால் கொஞ்சம் மேல். உங்கள் டிரோன் கேமராவில் அது பெரும்பாலும் இருக்கும். படம் எடுத்துத் தருகிறவரிடம் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு தடையும் இருக்கிறது. பயிரடையாளம் தெரிவதற்குப் பயிர் தாகத்தில் தவிக்க வேண்டும். இங்கிலாந்தின் பார்லி வயல் போல நம் தோட்டம் காய்வதில்லை. கெடாவில் ஜனவரி, பிப்ரவரியில் கொஞ்சம் வறட்சி வரும், அவ்வளவுதான். யான் பக்கத்து நெல்வயல்களில் பாசனத் தண்ணீர் நிற்கிறது. அங்கே பயிருக்குத் தாகமே தெரியாது.

அப்படியானால் கைவிட்டுவிடலாமா என்றால், கூடாது. நம் மண்ணில் இலையின் நிறத்தை விடத் தரையின் மேடுபள்ளம் அதிகம் பேசும் என்பது என் முடிவு. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் தோண்டிய செங்கல் கட்டடங்களும் இரும்பு உலைகளும் தோட்ட நிலத்தில், மரங்களுக்கு நடுவே மேடுகளாகத்தான் கிடந்தன. தினமும் அதன் மேல் நடந்து போனவர்கள் நம்மவர்கள். உலைக்கழிவுக் கட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கறுத்து, மேலெல்லாம் காற்றுக் குமிழ் வெடித்த ஓட்டை, சாதாரணக் கல் என்று நினைத்து எடுத்தால் கனம் கையை இழுக்கும். இப்படிப்பட்ட இடங்களில் காந்தமானியும் மண்ணின் மின்தடையை அளக்கும் கருவியும் நன்றாக வேலை செய்யும். சுடப்பட்ட களிமண்ணுக்கும் இரும்புக் கழிவுக்கும் காந்தத்தன்மை உண்டு.

உங்கள் கையில் இருக்கும் பெரிய வாய்ப்பு மறுநடவுக் காலம். ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை பழைய மரங்களைச் சாய்க்கிறோம். அப்போது தரை திறந்து கிடக்கும். பிறகு பியூராரியாவோ முக்குனாவோ மூடுபயிராகப் போட்டால் வயல் முழுவதும் ஒரே கொடி, ஒரே வயது, ஒரே பச்சை. அடியில் என்ன இருந்தாலும் அடையாளம் விழ இதைவிடத் தோதான பயிர் செம்பனைத் தோட்டத்தில் கிடைக்காது. ஆனால் மரம் சாய்ப்பதற்கும் மூடுபயிர் படர்வதற்கும் இடையில்தான் புல்டோசரும் கலப்பையும் வருகின்றன. ஆழ உழுத பிறகு கிடைப்பது உடைந்த செங்கல்தான். ஆகவே மரம் சாய்ந்த உடனே, உழுவதற்கு முன்னே, ஒரு முறை படமெடுத்து உயர வரைபடம் போட்டுவிட வேண்டும். எப்படியும் வடிகால் வாய்க்காலுக்காக உயரம் அளப்பீர்கள். அதே படம் போதும். கூடுதல் செலவு கிடையாது என்பதை நிர்வாகியிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

ஒரு குறிப்பு. 9 மீட்டர் முக்கோண நடவில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 143 மரம் நிற்கும். நிரை கோணல் இல்லாமல் ஓடும். இயற்கையின் பள்ளம் வளைந்து போகும், நோய் திட்டுத்திட்டாகப் பரவும். நிரையோடும் சேராமல், சரிவோடும் சேராமல், நேர்கோடாகவும் செங்கோணமாகவும் ஏதாவது தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

லைடார் என்கிறார்களே, அது வேறா?
— வாசகர், கூலிம்

வேறு. அது மேலிருந்து லேசர் ஒளித்துடிப்புகளை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கிறது. பெரும்பாலான துடிப்புகள் இலையில் பட்டுத் திரும்பினாலும் சில இடுக்கு வழியே தரையைத் தொட்டுவிடும். கணினியில் மரங்களை நீக்கிவிட்டால் தரை மட்டும் மிஞ்சும். 2012இல் ஹெலிகாப்டரில் இதைக் கட்டிக்கொண்டு பறந்துதான் கம்போடியாவின் குலேன் மலைக்காட்டில் மகேந்திரபர்வதம் என்ற பழைய நகரத்தின் தெருக்களையும் குளங்களையும் வரைபடமாக்கினார்கள். 2018இல் குவாத்தமாலா காட்டில் மாயா நாகரிகத்தைச் சேர்ந்த மாயரின் 60,000க்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் தெரியவந்தன. இப்போது டிரோனில் பொருத்தும் அளவுக்குக் கருவி சிறுத்துவிட்டது. விலைதான் இன்னும் சிறுக்கவில்லை.

பால்மரத் தோட்டம் மிஞ்சியிருக்கும் இடங்களில் பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டும் காலத்தில் பறந்தால் லேசர் தரையைத் தொடுவது எளிது.

நாங்கள் பிறந்த தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), கோயில், இடுகாடு எதுவும் இல்லை. என் தாயாரை அங்கேதான் அடக்கம் செய்தோம். எந்த இடம் என்றே தெரியவில்லை. கடாரத்தைத் தேடும் கருவியால் எங்கள் இடுகாட்டைத் தேட முடியாதா?
— வாசகி, லூனாஸ்

அம்மா, இந்த வாரம் வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் மேல் படையெடுத்ததைப் பெருமையாகப் பேசும் நாம், அறுபது எழுபது ஆண்டுக்கு முந்தைய நம் லயங்களைத் தொல்லியல் என்று எண்ணுவதே இல்லை. அவையும் புதைந்துகொண்டிருக்கின்றன. தேட முடியும். கருவியை மட்டும் நம்பாமல், படிப்படியாகத் தேட வேண்டும்.

முதலில் மரங்களைத் தேடுங்கள். மத்திய அமெரிக்கக் காடுகளில் மாயர் இடிபாடுகளின் மேல் ரமோன் என்ற மரம் கூட்டமாக நிற்பதை ஆய்வாளர்கள் நெடுநாளாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். சான் பார்த்தோலோ என்ற இடத்தில், பழைய கட்டடங்களின் சுண்ணாம்பு மண்ணில் கரைந்து மேலே நிற்கும் செடிகொடிகளின் நிறத்தையே மாற்றியிருப்பதைச் செயற்கைக்கோள் படத்தில் நாசா ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் தோட்டங்களிலும் மனிதர் வாழ்ந்த இடத்தை மரம் சொல்லும். லயத்துப் பின்கட்டில் மா, முருங்கை, கறிவேப்பிலை. கோயில் இருந்த இடத்தில் அரசும் வேம்பும். மற்றதையெல்லாம் வெட்டிய குத்தகைக்காரர்கள் கோயில் அரசமரத்தின் மேல் மட்டும் கைவைக்கத் தயங்கியிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் செம்பனை எல்லாம் ஒரே நட்சத்திர வடிவம். அதன் நடுவே உருண்டையாக, வேறு பச்சையில் நிற்கும் ஒற்றை மரம் தனியாகத் தெரிந்துவிடும். இதற்கு விலையுயர்ந்த கேமராகூட வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும்.

அடுத்தது சிமெண்டு. ஒரு தோட்டத்தில் மறுநடவுக்குமுன் உரத்துக்காக நான் எடுத்த படத்தைச் சொல்கிறேன். பிப்ரவரி மாதம், லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்த வெற்று நிலம். சாதாரணப் படத்தில் ஒன்றுமில்லை. அகச்சிவப்புப் படத்தைத் திறந்ததும் வெளிறிய செவ்வகங்கள், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஒரே வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சின்னச் சதுரம். லயத்து வீடுகளும் அவற்றின் பின்கட்டு அடுப்படிகளும். இடித்தவர்கள் பலகையையும் தகரத்தையும் எடுத்துக்கொண்டு சிமெண்டுத் தரையை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். மேலே ஒரு சாண் மண், அதில் புல். வேருக்கு ஆழம் கிடைக்காமல் அந்தப் புல் மட்டும் வாடியிருந்தது. வரிசையின் கோடியில் பெரிய செவ்வகமாக இருந்தது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை என்று அங்கே வளர்ந்த ஒரு பாட்டி படத்தைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அது வெறும் செவ்வகமாகத்தான் தெரிந்தது.

இடுகாடு இன்னும் கடினம். குழி வெட்டிய மண் இளகியிருப்பதால் காலப்போக்கில் சற்றே தாழும், ஈரம் பிடிக்கும், வறண்ட மாதத்தில் அங்கே புல் கொஞ்சம் கூடுதல் பச்சையாக நிற்கலாம். ஆள் நீளத்துக்கு, ஒரே திசை பார்த்து, வரிசையாக அப்படிப் பட்டைகள் தெரிந்தால் இடுகாடாக இருக்கலாம். புல்டோசர் ஓடி, மேட்டுப்படி வெட்டி, செம்பனை நட்ட இடத்தில் இந்த அடையாளம் பிழைத்திருப்பது அரிது. எந்தக் குழி யாருடையது என்று எந்தக் கேமராவும் சொல்லாது. இதை உங்களிடம் மறைக்க மனமில்லை.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது இது. உங்களோடு அங்கே வாழ்ந்தவர்களில் எழுபதைத் தாண்டியவர்களை அழைத்து உட்கார வையுங்கள். பிரட்டுக் களம் (காலையில் பெயர் கூப்பிடும் இடம்), பால் கொட்டகை, கிணறு, ஆற்றுப் பாலம், இடுகாட்டுக்குப் போன பாதை ஆகியவற்றை ஒரு பெரிய தாளில் வரையச் சொல்லுங்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் பிடித்துக்கொள்வார். தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய நிலவரைபடங்கள் இருக்கின்றன. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை மலாயாவை நிறையப் படமெடுத்தது. அந்தக் காலத்து வரைபடமோ படமோ உங்கள் தோட்டத்துக்குக் கிடைத்தால், ஆறும் ரயில் பாதையும் இன்றும் அதே இடத்தில் இருக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு பழையதை இன்றைய படத்தின் மேல் பொருத்திவிடலாம். அந்தப் பொருத்தும் வேலையை நான் செய்து தருகிறேன். தாளை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள்.

1930களிலேயே கண்டுபிடித்த சண்டியை 2013இல் வீடமைப்புக்காக இடித்துவிட்டார்கள். இனிக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது?
— வாசகர், மெர்போக்

உங்கள் கோபம் நியாயமானது. சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்த அது, குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தொகுத்த வரிசையில் 11ஆம் எண். இடம் தெரியும், எண் உண்டு, நூலில் பதிவும் உண்டு. ஆனால் பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் வெளியாகவில்லை. நிலம் கைமாறி, இயந்திரம் வந்து, செங்கல் குவியலாகிவிட்டது. அதே வேல்ஸ் 1936–37இல் தோண்டிய புக்கிட் பத்து பகாட் சண்டியோ 1960இல் சீரமைக்கப்பட்டு, இன்று பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து பார்க்கிற இடமாக நிற்கிறது.

அதனால்தான் அழகான படம் எடுப்பதோடு நிறுத்துகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. படத்தில் சந்தேகம் வந்த ஒவ்வோர் இடமும் நில அலுவலகத்தின் வரைபடத்தில் ஏற வேண்டும். வீடமைப்புக்கோ மறுநடவுக்கோ அனுமதி கேட்டு வருகிறவர் கண்ணில் அது பட்டே தீர வேண்டும். அதற்காகக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

நான் புதிதாக டிரோன் வாங்கியிருக்கிறேன். மெர்போக் பக்கம் பறக்கவிட்டுத் தேடலாமா? போன மாதம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் வெட்டியபோது பழைய செங்கல் போல் சில வந்தன. எடுத்து வைக்கலாமா?
— கல்லூரி மாணவர், பீடோங்

தம்பி, முதல் கேள்விக்கு: பறக்கும் முன் மலேசிய சிவில் விமான ஆணையத்தின் விதிகளைப் படியுங்கள். 400 அடிக்கு மேல் அனுமதியின்றிப் போகக் கூடாது. வான்வழிப் படமெடுப்புக்கு நில அளவை, வரைபடத் துறையின் அனுமதி வேண்டும். தோட்டம் தனியார் நிலம். நிர்வாகியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பறக்க நல்ல நேரம் இரண்டு. நிறத்துக்காக என்றால் வறண்ட மாதத்தில் நடுப்பகல், நிழல் குறைவு. மேடுபள்ளம் பார்க்க என்றால் காலை, மாலைச் சாய்வெயில். முழங்கால் உயர மேடுகூட நீண்ட நிழல் வீசும். கிடைத்த படத்தின் துல்லியமான இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். புதையல் தேடிக் கடப்பாரையோடு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு: எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். எடுத்தவற்றைக் கண்ட இடத்திலேயே, மழை படாமல் மூடி வையுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, கிடக்கிற நிலையில் நாலு பக்கமும் படம் எடுங்கள். வாய்க்காலின் வெட்டுமுகத்தில் மண் நிறம் மாறும் இடம் தெரிந்தால் அதையும் எடுங்கள். கைப்பேசி காட்டும் இடக்குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, மரபு மதிப்புள்ளதாகக் கருதத்தக்க பொருளைக் கண்டவர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். மாவட்ட அலுவலகம் உங்களுக்குப் பக்கம். கடிதத்தை இரண்டு படியாக எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.